சாக்ஸபோனுக்கு நெக் வாங்கப் போய் நான் கற்றது

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி வாசித்துக்கொண்டிருந்தேன். மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், ரிஷபத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கும்போது சத்தம் குழறியது. அடுத்த நொடி ஒரு ஸ்தாயி மேலே தாவிவிட்டது. தவில்கார அண்ணன் திரும்பிப் பார்த்தார். மறுபடி இறங்கினேன், மறுபடியும் அதே தாவல். அன்று முகூர்த்தம் முடியும்வரை மத்திம ஸ்தாயியை விட்டு நான் கீழே இறங்கவே இல்லை. கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி இருந்தது.

என்னிடம் இருப்பது ஜப்பானில் செய்த, மாணவர்களுக்கான ரக ஆல்டோ சாக்ஸபோன். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. கல்யாணம், கோவில் திருவிழா, மாதா தேர் என்று கடலூரிலும் பாண்டியிலும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். வாயில் வைத்து ஊதும் மௌத்பீஸில் கட்டுகிற நாணல் பட்டையான ரீடை மாற்றிப் பார்த்தேன். மௌத்பீஸை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். சரியாகவில்லை. அந்தச் சமயத்தில்தான், மாணவர் ரக சாக்ஸபோனில் நெக்கை மட்டும் மாற்றினால் வாத்தியமே மாறிவிடும் என்று ஒருவர் சொன்னார். நெக் என்றால் மௌத்பீஸுக்கும் உடலுக்கும் நடுவில் வளைந்து வருகிற அந்தச் சின்னக் குழாய். காற்று முதலில் போகிற பாதை அதுதான் என்பதால் பேச்சு நியாயமாகப் பட்டது. 18,000 ரூபாய் கொடுத்து, செம்பு அதிகம் கலந்த, சிவப்பு நிற நெக் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன்.

பார்சலைப் பிரித்து உடலில் செருகினால் தொளதொளவென்று ஆடியது. திருகாணியை இறுக்கினேன். சாக்கெட்டின் இரண்டு காதுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன, நெக் அப்போதும் விரலால் தள்ளினால் சுற்றியது. ஊதினால் கீழ் ஸ்வரங்கள் முன்பைவிட மோசம்.

அடுத்த நாள் செம்மண்டலத்தில் தெரிந்த லேத் பட்டறைக்கு இரண்டு நெக்குகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைத் தம்பி வெர்னியர் அளவுகோலை வைத்து, உடலுக்குள் செருகும் அடிவளையத்தை அளந்தார். பழைய நெக் 24.40 மில்லிமீட்டர், புதியது 24.15. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் காற்றுக்கு அது திறந்த ஜன்னல். அந்த இடம் வாத்தியத்தின் தலைவாசல், அங்கே கசிந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா ஸ்வரமும் கெடும்.

ஆல்டோ நெக்கின் அடிவளையம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர், அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனுக்கு 27, 28 என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த "ஏறக்குறைய"வை நம்பித்தான் நான் பணம் கட்டினேன். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறலாம். வேறு நெக் வாங்க நினைப்பவர் முதலில் தன் நெக்கை வெர்னியரால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விற்பவரிடம் அந்த அளவைக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வளையம் கொஞ்சம் சிறியதாக இருந்தால் பழுது பார்ப்பவர் உள்ளிருந்து விரிக்கும் கருவியால் பெரிதாக்கிவிடுவார். பெரியதாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பித்தளை திரும்ப வராது.

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் பழுது பார்ப்பார். இரண்டு நெக்கையும் வாத்தியத்தையும் அவர் முன்னால் வைத்தேன். புதிய நெக்கை அவர் தொடக்கூட இல்லை. பழைய நெக்கை எடுத்து, அகலமான அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மெல்லிய பக்கத்தை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சினார். "நீயும் செஞ்சு பாருப்பா" என்று என்னிடம் நீட்டினார். நல்ல நெக் என்றால் உறிஞ்சியதும் நாக்கு அதிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் "டப்" என்ற சத்தத்தோடு பிரிய வேண்டும். என்னுடையதில் காற்று "ஸ்ஸ்" என்று உள்ளே வந்துகொண்டே இருந்தது.

கசிவு நெக்கின் மேலே இருக்கும், ஸ்வரத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றும் ஆக்டேவ் கீயில். துளையை மூடும் அந்தச் சிறு பேட் காய்ந்து நடுவில் குழிந்திருந்தது. போதாததற்கு, அந்தக் கீயின் வளையம் சற்று வளைந்து, உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கையை அசைக்கும்போதெல்லாம் மேல் துளை மயிரிழை திறந்துகொள்ளும். அதனால்தான் மந்தர ஸ்வரம் மேலே தாவியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், பல வருஷம் வாசிக்கிறவர்களுக்கும் இது தெரிவதில்லை. கட்டைவிரல் அழுத்துவது ஒரே ஆக்டேவ் கீயை. அது திறப்பது இரண்டு துளைகளில் ஒன்றை. நடுவிரல் மட்டும் மூடும் விரலமைப்பை ஸட்ஜமாக வைத்தால், ஆல்டோவில் அது 2½ கட்டை ஸ்ருதி. அதற்கு மேலே போகும்போது ரிஷபம் முதல் பஞ்சமம், சுத்த தைவதம் வரை உடலில் உள்ள துளை திறக்கும். சதுஸ்ருதி தைவதம் முதல் மேலே நெக்கில் உள்ள துளை திறக்கும். இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். இடது கையின் மூன்று விரல்களையும் மூடிப் பஞ்சமத்தைப் பிடியுங்கள், ஆக்டேவை அழுத்துங்கள், நெக்கின் பேட் அசையக் கூடாது. மோதிரவிரலை எடுங்கள், பேட் உடனே எழ வேண்டும். பிறகு ஆக்டேவை விட்டுவிட்டு நெக்கை இடம் வலமாகக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் வளையம் ஊசியில் இடித்து பேட் திறக்கக் கூடாது. நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும்.

மாஸ்டர் அந்தப் பேடை எடுத்துவிட்டு கார்க் வைத்தார். வளையத்தை இரண்டு விரலால் நிமிர்த்தினார். ஒன்பது வருஷம் கழற்றி மாட்டி என் நெக்கின் அடிவளையமும் கொஞ்சம் தேய்ந்திருந்ததால் அதை ஒரு சுற்று விரித்துக் கொடுத்தார். 600 ரூபாய். அங்கேயே நின்று ஊதினேன். மந்தர ஸட்ஜம் அழுத்தமே கொடுக்காமல் வந்து உட்கார்ந்தது. 18,000 ரூபாய் நெக் பக்கத்தில் துணியில் சுற்றியபடி கிடந்தது.

அந்த வளையம் எப்படி வளைந்தது என்றும் அவர் சொன்னார். நெக்கைச் செருகும்போது நம்மில் பலர் மேலிருந்து கையை வைத்து ஆக்டேவ் கீயோடு சேர்த்து அழுத்துகிறோம். அதைவிட மோசமான இன்னொரு பழக்கம், நெக்கை உடலில் மாட்டிய பிறகு மௌத்பீஸை அதன் மேல் வைத்துத் தள்ளுவது. அந்த விசை முழுவதும் நெக்கின் வளைவில் போய் இறங்கும். கையில் வைத்தபடியே மௌத்பீஸை நெக்கில் ஏற்றிவிட்டு, பிறகு நெக்கின் அடியைப் பிடித்துச் சிறு சிறு திருப்பலாக உடலில் இறக்க வேண்டும். மௌத்பீஸ் ஏறும் இடத்தில் நெக்கில் சுற்றியிருக்கும் கார்க் உலர்ந்திருந்தால் முதலில் கிரீஸ்.

இந்தப் பழக்கத்தின் விளைவை என் மாணவன் ஒருவனின் வாத்தியத்தில் கண்ணால் பார்த்தேன். கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பையன், சர்ச் பேண்டில் வாசிக்கிறான். "அண்ணே, எவ்வளவு தள்ளினாலும் மேல ஸ்ருதி சேரல" என்று கொண்டுவந்தான். நெக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்தேன். மேல்வளைவு ஒழுங்கான வில்லாக இருந்தது, அடிவளைவில் ஒரு இடம் மட்டும் தட்டையாக, கூரைத் தகடு மாதிரி நீட்டி நின்றது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரு பக்கமும் வைத்துக் குழாயோடு நகர்த்தினேன். அந்த இடத்தில் விரல்கள் விலகின. வட்டமான குழாய் முட்டை வடிவமாகியிருந்தது. பக்கவாட்டில் நகத்தால் தடவினால் இரண்டு மெல்லிய மடிப்புகள். வருஷக்கணக்காகத் தள்ளித் தள்ளி நெக் கீழே வளைந்துவிட்டது. உள்ளே உருண்டை விட்டு மாஸ்டர் அதை நிமிர்த்தினார். சேதம் முற்றியிருந்தால் வேறு நெக்தான் வழி. நெக் மாற்றுவதற்கு முழு நியாயமான காரணங்களில் இது ஒன்று.

பழைய நெக் சரியான பிறகும் புதியதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் அடிவளையத்தையும் விரித்துக்கொண்டேன். சரியாகப் பொருந்தியதும் இரண்டையும் நேர்மையாக ஒப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். மஞ்சக்குப்பம் வீட்டில் தவில்கார அண்ணனையும், நாகஸ்வரம் வாசிக்கும் என் சித்தப்பாவையும் பக்கத்து அறையில் உட்கார வைத்தேன். கதவு திறந்திருந்தது, ஆனால் அவர்களால் என்னைப் பார்க்க முடியாது. ஒரே மௌத்பீஸ், ஒரே ரீடு, ஒரே வாசிப்பு. பத்து முறை வாசித்தேன், எந்த முறை எந்த நெக் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அவர்கள் தனித்தனியாக எழுதினார்கள். நாதத்தை வைத்துக் கண்டுபிடித்ததில் அண்ணன் பத்துக்கு ஐந்து, சித்தப்பா பத்துக்கு ஆறு. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

ஆனால் சித்தப்பா இன்னொன்றும் எழுதியிருந்தார். நாலு இடத்தில் "தைவத நிஷாதம் ஏறுது" என்று. அந்த நாலும் புதிய நெக். டியூனரை வைத்துப் பார்த்தேன். மேல் ஸ்தாயியில் சதுஸ்ருதி தைவதத்திலிருந்து பத்துப் பதினைந்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடிப் போனது. உதட்டைத் தளர்த்திச் சமாளிக்கலாம், ஆனால் மூன்று மணி நேரம் ஸ்ருதிப் பெட்டியோடு உட்காரும் நமக்கு அது பெரிய வேலை.

எனக்கு, வாசிக்கிறவனுக்கு, வித்தியாசம் தெரிந்தது. புதிய நெக்கில் காற்று தடையில்லாமல் போனது, சத்தம் பெரிதாக இருப்பது போல் கைக்கும் வாய்க்கும் தோன்றியது. அந்தச் சுகம் பொய்யில்லை. நீண்ட கச்சேரியில் வாசிப்பவரின் சுகத்துக்கும் விலை உண்டு. ஆனால் அது செம்பினால் வந்ததா என்றால், இல்லை என்பதே என் எண்ணம். பித்தளையோ, வெண்கலமோ, வெள்ளியோ, தங்க முலாமோ, உலோகத்தால் வரும் மாற்றம் சிறியது. உள்ளே குழாய் எவ்வளவு வேகமாக அகலமாகிறது, மேல்வாய் எவ்வளவு அகலம், ஆக்டேவ் துளை எங்கே, வளைவு என்ன என்பதே பெரியது. விளம்பரம் நிறத்தைக் காட்டுகிறது. நாம் பார்க்க வேண்டியது அளவை.

நெக்கைச் சோதிக்கும்போது மேலும் கீழும் ஸ்கேல் மட்டும் வாசிப்பது நம் சங்கீதத்துக்குப் போதாது. நான் இப்போது தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பார்க்கிறேன், பிறகு மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் ஒரு ஜாரு. சில நெக்குகளில் ஸ்வரம் அதன் இடத்தில் பூட்டுப் போட்டது போல் நிற்கும். பேண்டில் கூட்டமாக வாசிக்கிறவருக்கு அது வரம். கமகத்துக்குத் தாடையால் வளைக்க வேண்டிய நமக்கு, வளைந்து கொடுத்துத் திரும்ப இடத்துக்கு வரும் நெக் வேண்டும். கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டுத்தான் இதன் பக்கம் வந்தார் என்பார்கள். பேண்டுக்காகச் செய்த வாத்தியத்தில் அவர் கமகத்தை எழுப்பிய பிறகுதான் நாங்கள் எல்லாம் துணிந்தோம். கடைக்காரரிடம் நெக் கேட்கும்போது நமக்கு என்ன வேண்டும் என்று நாம்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன உபாயம். மௌத்பீஸையும் நெக்கையும் மட்டும் சேர்த்து, உடல் இல்லாமல் ஊதுங்கள். ஆல்டோவில் ஏறக்குறைய 5½ கட்டை வர வேண்டும், டெனரில் 3 கட்டை. ஸ்ருதிப் பெட்டியை அந்தக் கட்டையில் வைத்துக்கொண்டு ஊதினால் உங்கள் உதடும் மௌத்பீஸின் இடமும் சரியாக இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஊதுகிறவருக்கு எந்த நெக்கை வாங்கிக் கொடுத்தாலும் மேல் ஸ்தாயி ஏறத்தான் செய்யும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, போன வருஷம் மறுபடியும் அதே தவறின் விளிம்புவரை போய்வந்தேன்.

பாண்டி குருசுக்குப்பத்தில் ஒரு பெரியவர் வீடு. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, ராணுவ பேண்டில் வாசித்தவர். "அப்பா வாசிச்ச பெட்டி பரண்ல கிடக்கு, வந்து பாருங்க, விக்கலாமா வச்சிக்கலாமான்னு சொல்லுங்க" என்று கூப்பிட்டார். பிரெஞ்சு ராணுவ பேண்டுகளைச் சீரமைத்த 1845லேயே அடோல்ஃப் சாக்ஸின் வாத்தியங்களுக்கு அதில் இடம் கிடைத்தது, சாக்ஸபோனுக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1846இல். அந்த வழியில் வந்த ஒரு வாத்தியம் நம் ஊர்ப் பரணில் இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. உள்ளே நீல வெல்வெட்டில் கையளவு உயரத்துக்கு ஒரு நீர்க்கோடு. "தானே புயல்ல ஓடு பறந்து தண்ணி இறங்கிச்சு, மிசியே" என்றார் பெரியவர். 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே அடித்த புயல் அது, இங்கே யாருக்கும் மறக்காது. பெல்லில், அதாவது வாத்தியத்தின் விரிந்த வாயில், கூஸ்னோன், பாரீஸ் என்று கம்பெனியின் பெயர் பொறித்திருந்தது. பெல்லின் இரண்டு பெரிய கீகளும் இடது பக்கம். மேலே எஃப் ஷார்ப் கீ இல்லை. இரண்டும் பழைய அமைப்பின் அடையாளம்.

பழைய வாத்தியத்தை எடுத்ததும் ஊதிப் பார்க்கத் தோன்றும். ஊதக் கூடாது, முதலில் கண்ணுக்கும் விரலுக்கும்தான் வேலை. நெக்கைக் கழற்றிவிட்டுக் குழாயின் நீளத்தோடு ஒரு கண்ணால் பார்த்தேன், உடல் வளைந்திருக்கிறதா என்று. நேராகத்தான் இருந்தது. பெல்லையும் உடலையும் இணைக்கும் தாங்கியின் அடியில் பள்ளம் இருந்தால் கீழே விழுந்த வாத்தியம் என்று அர்த்தம், அதுவும் இல்லை. கீகள் ஏறியிருக்கும் நீளக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நீளவாக்கில் ஆட்டினேன். இரண்டு மட்டும் ஆடின, சரிசெய்யக்கூடியது. ஊசி ஸ்பிரிங்குகள் எஃகு, கடல் காற்றிலும் புயல் தண்ணீரிலும் துருவேறி, பாதியில் கை வைத்தாலே ஒடியும் நிலை. தோல் பேடுகள் எல்லாம் கல். ஆல்டோவுக்கு இருபதுக்கும் மேல் பேடுகள். அத்தனையும் மாற்ற வேண்டும் என்றால் விலையில் அதை முதலில் கழிக்க வேண்டும்.

உடலில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு. விசாரித்தால், வீட்டில் வேலை செய்கிற அம்மா பாத்திரத்தோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். அன்போடு செய்ததுதான். ஆனால் புளியின் அமிலம் கீகளுக்குள்ளும் பேடுக்குள்ளும் இறங்கும், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பளபளப்பை வைத்துப் பழைய வாத்தியத்தை மதிப்பிடவும் கூடாது. மெருகு போய்க் கறுத்திருந்தால் கவலையில்லை. சக்கரத்தில் தேய்த்துப் புதிதாக லாக்கர் அடித்தது என்றால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் தேய்த்ததில் உலோகமும் போயிருக்கும். பெல்லில் உள்ள செதுக்கல் நகத்துக்குக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் நல்லது, மழுங்கி வழுக்கினால் தேய்த்திருக்கிறார்கள். இன்னொன்று, பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். துத்தநாகம் அரித்துப்போய் செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அது. எச்சிலும் ஈரமும் தங்குவதால் நெக்கில்தான் முதலில் வரும். இதில் நெக்கின் உட்பக்கம் மூன்று புள்ளிகள், ஊசியால் மெல்லக் குத்திப் பார்த்தேன், உள்ளே இறங்கவில்லை.

பழைய வாத்தியத்தில் ஸ்ருதியைப் பற்றி விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்க வாத்தியங்களில் எச் அல்லது எல் என்று ஒரு எழுத்து இருக்கும். எல் என்றால் இன்றைய ஸ்ருதிக்கு, அதாவது வினாடிக்கு 440 அதிர்வு என்ற அளவுக்கு, ஒத்தது. எச் என்றால் 457ஐ ஒட்டியது, அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். மௌத்பீஸை எவ்வளவு வெளியே இழுத்தாலும் ஒழுங்காகச் சேராது, காட்சிக்குத்தான் ஆகும். கான் கம்பெனி வாத்தியங்களில் "டிசம்பர் 8, 1914" என்ற தேதியைப் பார்த்துவிட்டு அது பிறந்த நாள் என்று விற்பவர்கள் உண்டு. அது காப்புரிமைத் தேதி, பல வருஷம் கழித்துச் செய்த வாத்தியங்களிலும் அதே தேதிதான் இருக்கும். பிரான்ஸில் 1859லேயே சட்டம் போட்டு 435 என்று வைத்தார்கள். 440க்கு அது 20 சென்ட் குறைவு, மௌத்பீஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆகையால் குருசுக்குப்பத்து வாத்தியத்தின் ஸ்ருதி எனக்குப் பயமாகப் படவில்லை.

நெக் அந்த வாத்தியத்துக்கே உரியதா என்பது அடுத்த கேள்வி. நெக்தான் சீக்கிரம் தொலையும், சீக்கிரம் நசுங்கும், பழைய வாத்தியங்களில் மாறிப்போன நெக்குகள் ஏராளம். உலோகத்தின் நிறம், கீயின் வார்ப்பு, அடிவளையத்தில் ஒட்டுத் தகடு, ஆக்டேவ் வளையம் ஊசிக்கு நேர் நடுவில் வருகிறதா, இவ்வளவையும் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. இருட்டறையில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் மெல்லிய எல்.இ.டி. பட்டையை உடலுக்குள் இறக்கினேன். கீழ்ப் பேடுகள் எல்லாவற்றின் ஓரத்திலும் வெளிச்சம் வழிந்தது. மேல் பேடுகளில் நாலைந்து மட்டும் தப்பியிருந்தன. இடது கை ஸ்வரங்களாவது வரும்.

என் மௌத்பீஸைப் போட்டு ஊதினேன். மத்திம ஸ்தாயி அழகாக, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி ஒரு இனிப்போடு வந்தது. ஆக்டேவை அழுத்தியதும் மேல் பஞ்சமம் கிட்டத்தட்ட 30 சென்ட் ஏறி நின்றது. நெக்கை உறிஞ்சிப் பார்த்தேன், கசிவில்லை. வளைவும் சரி. நெக்கின் உள்அளவே தவறாக இருக்கும், இந்த வாத்தியத்துக்கு வேறு நெக் பண்ண வேண்டும் என்று பெரியவரிடம் சொல்ல வாயெடுத்தேன். போனில் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பெட்டில அதோட மௌத்பீஸ் இருக்கா பாரு."

வெல்வெட் பையில் இருந்தது. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய எபனைட் என்ற கடின ரப்பர், பச்சை கலந்த பழுப்பாகி, கந்தக வாடை அடித்தது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். என்னுடைய மௌத்பீஸின் அறை குறுகிய சந்து மாதிரி, இதன் அறை உருண்டு அகன்ற கிணறு. சாக்ஸபோன் ஒரு கூம்பு. நுனியை வெட்டிவிட்டுத்தான் மௌத்பீஸ் வைக்கிறோம், வெட்டிய நுனியில் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ அவ்வளவு மௌத்பீஸுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் மேல் ஸ்தாயி ஏறும், கூடினால் இறங்கும். பழைய வாத்தியங்கள் அகன்ற அறையை நம்பிச் செய்யப்பட்டவை.

கழுவித் துடைத்து, என் ரீடையே கட்டி ஊதினேன். மேல் பஞ்சமம் 8 சென்ட் வித்தியாசத்தில் வந்து நின்றது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். எதுவும் சொல்லவில்லை. இடது கைக்குள் அடங்கும் ஸ்வரங்களில் கொஞ்சம் வாசித்தேன்.

நெக்குக்குச் செலவு செய்யவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாத்தியத்தில் கசிவு இல்லை, மௌத்பீஸ் அதற்கு ஒத்தது, உதடு பழகிவிட்டது, அதன் பிறகும் ஒரு குறை நிற்கிறது என்றால் தாராளமாகத் தேடுங்கள். அப்போதும் அதே கம்பெனியின் நெக்குகளை முதலில் பாருங்கள். யமாஹா போன்றவர்கள் தங்கள் வாத்தியங்களுக்கே வி1, ஜி1, எம்1 என்று வெவ்வேறு உள்அமைப்பில் நெக் தருகிறார்கள். பொருத்தத்தில் பெரும்பாதி தலைவலி அங்கேயே தீரும். திருப்பிக் கொடுக்க ஒரு வாரமாவது அவகாசம் கேளுங்கள். உங்கள் மௌத்பீஸ், உங்கள் ரீடு, உங்கள் ஸ்ருதிப் பெட்டி, கூட உங்களிடம் உண்மையைச் சொல்லும் ஒரு காது. நெக் தளர்வாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், அடிவளையத்தில் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி ஊதுங்கள். கீழ் ஸ்வரம் தெளிந்தால் கோளாறு பொருத்தத்தில். டேப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சோதனைக்கு மட்டும்.

என் சிவப்பு நெக்கை ஓ.டி. பையனுக்குக் கொடுத்தேன். அவனுடைய வாத்தியத்தில், அவனுடைய மௌத்பீஸில், தைவதம் ஏறவில்லை. அவன் அதைத்தான் வாசிக்கிறான்.

பெரியவர் வாத்தியத்தை விற்கவில்லை. அவருடைய பேத்தி இப்போது என்னிடம் சனிக்கிழமைகளில் வருகிறாள், என்னுடைய பழைய கிளாரினெட்டில் விரல் பழகிக்கொண்டிருக்கிறாள். பேடுகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் மாஸ்டர் ஒவ்வொரு துளையாக அளவெடுத்து ஆர்டர் கொடுத்திருக்கிறார். அந்த மௌத்பீஸை மட்டும் நான் வீட்டில் வைத்து, பச்சைத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுகிறேன். வெந்நீர் பட்டால் பழைய எபனைட் இன்னும் நிறம் மாறும்.

இன்னும் மந்தர ஸட்ஜம் அதில் வரவில்லை. கீழ்ப் பேடுகள் வந்த பிறகுதான்.